மழையில் கொடுத்த கோப்பை: நேட்டால் ஓபன் ஜெயித்த சிவசங்கரின் கதை

ஒரு பழைய கறுப்பு-வெள்ளை போட்டோ. மழை கொட்டுது. திறந்தவெளியில ஒருத்தர் நின்னு கோப்பை வாங்குறார். பின்னாடி கொஞ்ச தூரத்துல வசதியான ஒரு கட்டடம் இருக்கு. அதுக்குள்ள கூரை இருக்கு, நாற்காலி இருக்கு, சூடா குடிக்க எல்லாமும் இருக்கு. போட்டியில தோத்தவங்க உள்ளே இருக்காங்க. ஜெயிச்சவர் வெளியே.

இது 1963-ம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் எடுத்த படம். போட்டியின் பெயர் நேட்டால் ஓபன். கோப்பை வாங்குபவர் பாப்வா சேவ்கோலம். அவரை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று நீங்கள் ஓரளவு ஊகித்திருப்பீர்கள். ஆனால், 'உள்ளே விடக் கூடாது என்றால் விளையாட மட்டும் ஏன் விட்டார்கள்?' என்று ஒரு கேள்வி வருகிறதல்லவா? இந்தக் கதையின் சுவாரஸ்யமே அங்கேதான் இருக்கிறது.

முதல்ல, நேட்டால் ஓபன்னா என்னன்னு பார்த்துடுவோம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரை மாகாணம்தான் நேட்டால். இன்றைக்கு அதன் பெயர் குவாஸுலு-நேட்டால். அந்நாட்டில் தேசிய அளவிலான 'சவுத் ஆப்ரிக்கன் ஓபன்' தவிர, டிரான்ஸ்வால் ஓபன், நேட்டால் ஓபன் என்று மாகாணத்துக்கு மாகாணம் தொழில்முறை கோல்ஃப் போட்டிகள் நடந்தன. நம்ம ஊர் கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால், தேசியப் போட்டிக்கு ஒரு படி கீழே. ஆனால், சாதாரணப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஓபனை நான்கு முறை வென்ற பாபி லாக், அமெச்சூராக இருந்த 1930-களிலேயே நேட்டால் ஓபனை ஜெயித்திருக்கிறார். ஒன்பது மேஜர் பட்டங்கள் வென்ற கேரி பிளேயர் இதைப் பலமுறை ஜெயித்திருக்கிறார். உலக கோல்ஃபின் முதல் வரிசைக்குப் போனவர்கள் இந்த வழியாகத்தான் போனார்கள்.

'ஓபன்' என்கிற வார்த்தையையும் கவனிங்க. தொழில்முறை வீரர், அமெச்சூர் என்ற பேதம் இல்லாமல், தகுதி உள்ள யாரும் கலந்துகொள்ளலாம் என்பதுதான் கோல்ஃபில் அதற்கு அர்த்தம். யாருக்கும் திறந்திருக்கும் போட்டி! இதை மனசுல வெச்சுக்கோங்க.

1963 நேட்டால் ஓபன் நடந்த இடம் டர்பன் கன்ட்ரி கிளப். இந்த கிளப் பிறந்ததற்குக் காரணமே மழைதான். அதற்கு முன்பு டர்பனில் இருந்த பெரிய கோல்ஃப் மைதானம் ராயல் டர்பன். கிரேவில் குதிரைப் பந்தயத் திடலுக்கு உள்ளேயே அமைந்த மைதானம் அது. (சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு நடுவே கோல்ஃப் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.) 1919-ல் அங்கே சவுத் ஆப்ரிக்கன் ஓபன் நடந்தபோது மைதானத்தில் தண்ணீர் தேங்கி, போட்டியே திண்டாடிப்போனது. இனி டர்பனுக்குத் தேசியப் போட்டி வராமலே போய்விடுமோ என்று உள்ளூர்க்காரர்கள் பயந்தார்கள். தண்ணீர் நிற்காத இடமாகத் தேடி, கடற்கரை மணல்மேடுகளில் உருவாக்கியதுதான் டர்பன் கன்ட்ரி கிளப். 1924-ல் அங்கே சவுத் ஆப்ரிக்கன் ஓபன் நடந்தது. அதன்பின் அந்தப் போட்டி அங்கே திரும்பத் திரும்ப வந்தது. மழையிலிருந்து கோல்ஃபைக் காப்பாற்றக் கட்டிய கிளப், உலகம் முழுக்கத் தெரிந்தது மழையில் எடுத்த ஒரு போட்டோவால்.

சரி, யார் இந்த பாப்வா?

முழுப்பெயர் சேவ்சங்கர் சேவ்கோலம். கேட்க விநோதமா இருக்கா? முதல் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க... சிவசங்கர்! கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்த காலத்தில், ஆங்கிலேய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் முதல் கப்பலான 'ட்ரூரோ' கிளம்பியது நம்ம சென்னையிலிருந்துதான். 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. டர்பனில் இன்றைக்கும் கவுண்டர் 'கோவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும் இருப்பது இதே கதைதான். பாப்வாவின் குடும்பம் வட இந்தியாவிலிருந்து போன வழி. ஆனால், தென்னாப்பிரிக்கச் சட்டத்துக்குத் தமிழரோ, தெலுங்கரோ, இந்திக்காரரோ எல்லோரும் ஒரே பெட்டிதான். 'இந்தியன்'. அதாவது, வெள்ளையர் அல்லாதவர்.

வறுமையான வீடு. அப்பா சீக்கிரமே இறந்துவிட, பள்ளிக்கூடம் போகிற வயதில் பாப்வா போனது கோல்ஃப் மைதானத்துக்கு. பீச்வுட் மைதானத்தில் கேடி வேலை. (நம்மூர் 'கேடி' இல்லீங்க! கோல்ஃபில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர்.) மரக்கிளையைச் செதுக்கி மட்டையாக்கி, அதை வைத்துக் கடற்கரையில் அடித்துப் பழகினார் என்று சொல்வார்கள். கோச் கிடையாது. பக்கத்தில் நின்று 'தம்பி, இப்படிப் பிடி' என்று சொல்ல ஆள் கிடையாது.

அதனால் நடந்த ஒரு விஷயம், அவரை கோல்ஃப் வரலாற்றிலேயே தனியாக நிறுத்திவிட்டது. நீங்கள் வலது கை ஆட்டக்காரர் என்றால் கிரிக்கெட் பேட்டை எப்படிப் பிடிப்பீர்கள்? இடது கை மேலே, வலது கை கீழே. கோல்ஃபிலும் அதேதான். பாப்வா அப்படியே தலைகீழ். வலது கை மேலே, இடது கை கீழே. வேண்டுமானால் வீட்டில் இருக்கும் துடைப்பத்தை அப்படிப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிப் பாருங்கள். மணிக்கட்டு பின்னிக்கொள்ளும். பாடப்புத்தகப்படி அது தப்பு. ஆனால், அந்தத் தப்பான பிடியில் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போனது. பிற்பாடு அந்தப் பிடிக்கே 'சேவ்கோலம் கிரிப்' என்று பெயர் வந்தது.

அடுத்து கதைக்குள் வருவது, சத்தியமா நீங்க எதிர்பார்க்காத ஒரு பிராண்ட். ஓலே. ஆமாங்க, பாத்ரூம் ஷெல்ஃபில் இருக்கிற அதே ஃபேஸ் க்ரீம்தான். 1950-களின் தொடக்கத்தில் 'ஆயில் ஆஃப் ஓலே'யை உருவாக்கிய கிரஹாம் வுல்ஃப் டர்பன்காரர். கோல்ஃப் பிரியர். பாப்வாவின் ஆட்டத்தைப் பார்த்து அசந்துபோய், தன் தொழிற்சாலையிலேயே அவருக்கு வேலை கொடுத்தார். சொந்த நாட்டில் பெரிய போட்டிகளுக்குள் நுழைய முடியாத ஆளை, 1959-ல் தன் சொந்தக் குட்டி விமானத்தில் ஏற்றி ஐரோப்பாவுக்கே கூட்டிக்கொண்டு போனார். அந்த வருடம் டச்சு ஓபன் கோப்பையை ஜெயித்தார் பாப்வா. 1960-ல் மறுபடியும். 1964-ல் மூன்றாவது முறை.

அதே 1959-ல்தான் பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்து, தன் முதல் மேஜர் பட்டத்தைத் தொட்டார் கேரி பிளேயர். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே வருடம், ஐரோப்பாவில் ஆளுக்கொரு கோப்பை. ஊர் திரும்பினால் ஒருவர் எந்த மைதானத்திலும் ஆடலாம். இன்னொருவர் அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். விளையாட விட்டார்கள், ஏன் உள்ளே விடவில்லை?

'வெள்ளையரும் மற்றவர்களும் சேர்ந்து கோல்ஃப் ஆடக் கூடாது' என்று அன்றைக்குத் தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1956-ல் உள்துறை அமைச்சர் டோங்கஸ், விளையாட்டுகளை இனவாரியாகத் தனித்தனியேதான் நடத்த வேண்டும் என்று அறிவித்திருந்தார். அது கொள்கைதான், சட்டம் அல்ல. உண்மையான கட்டுப்பாடு வேறு இடத்தில் ஒளிந்திருந்தது. நிலத்தில், கட்டடத்தில், சாப்பாட்டு மேஜையில். 1950-ல் வந்த 'குரூப் ஏரியாஸ்' சட்டம், எந்த இடத்தை எந்த இனம் பயன்படுத்தலாம் என்று வரைபடம் போட்டுப் பிரித்தது. 1953-ல் வந்த சட்டம் பூங்கா பெஞ்ச், கழிப்பறை, கடற்கரை என்று எல்லாவற்றையும் தனித்தனி ஆக்கியது. யாருக்கு எங்கே மது பரிமாறலாம் என்பதற்கும் இன விதிகள் இருந்தன. கிளப்ஹவுஸ் என்பது இந்த விதிகள் எல்லாம் ஒன்றாகக் கூடும் இடம். உடை மாற்றும் அறை, டைனிங் ஹால், பார் எல்லாம் அங்கேதான்.

ஆக, பாப்வா விளையாட வேண்டுமென்றால் அரசு அனுமதிச் சீட்டு தர வேண்டும். தந்தது. புல்வெளியில் நடக்கலாம், பந்தை அடிக்கலாம், குழியில் போடலாம். கிளப்ஹவுஸ் கதவு அதில் அடங்காது. இன்னொரு கூத்தையும் கேளுங்க. அதே கிளப்ஹவுஸுக்குள் இந்தியர்கள் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள், தட்டு ஏந்தும் வெயிட்டர்களாக. வேலைக்காரராகப் போகலாம். விருந்தாளியாகப் போகக் கூடாது.

இந்த ஏற்பாடு ஒருவகையில் ஓடிக்கொண்டிருக்கும், பாப்வா தோற்றுக்கொண்டிருக்கும் வரை. ஏழாவதாகவோ பதினைந்தாவதாகவோ வரும் ஆட்டக்காரர் எந்தக் கதவு வழியாக வெளியே போனார் என்று யார் பார்க்கப்போகிறார்கள்? அனுமதிச் சீட்டு கொடுத்தவர்கள், இவர் ஜெயித்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார்களா தெரியவில்லை. அவர் ஜெயித்துவிட்டார்.

கோல்ஃபில் பரிசளிப்பு என்பது சும்மா ஒரு சம்பிரதாயம் இல்லை. கோப்பைக்கு அங்கே ஒரு தனி மரியாதை உண்டு. பிரிட்டிஷ் ஓபனின் ஆரம்ப காலத்தில் கோப்பையே கிடையாது, பெல்ட்தான். குத்துச்சண்டையில் கொடுப்பார்களே, அந்த மாதிரி. தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் பெல்ட் அவருக்கே சொந்தம் என்பது விதி. 'யங்' டாம் மோரிஸ் என்ற பொடியன் 1870-ல் மூன்றாவது முறையும் ஜெயித்து பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பரிசாகக் கொடுக்க எதுவும் இல்லாமல் 1871-ல் போட்டியே நடக்கவில்லை! அதன்பிறகு செய்ததுதான் இன்றைக்கும் புகழ்பெற்ற கிளாரட் ஜக் வெள்ளிக் கோப்பை. வென்றவரின் பெயரைக் கோப்பையிலேயே பொறித்துவிடுவார்கள். மூலக் கோப்பை கிளப்பிலேயே இருக்கும், வீட்டுக்குப் போவது அதன் நகல்.

இதில் ஒளிந்திருக்கும் அர்த்தம் என்ன? கோப்பையில் பெயர் ஏறிவிட்டால், நீங்களும் அந்த வீட்டு ஆள். உங்களுக்கு முன்னால் ஜெயித்தவர்களின் வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம். பரிசளிப்பு முடிந்ததும் கிளப்ஹவுஸில் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது அதன் இன்னொரு பாதி. நேட்டால் ஓபனில் பாப்வாவுக்குக் கோப்பை கிடைத்தது. அந்த மீதிப் பாதி கிடைக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டினார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. பரிசளிப்பை வெளியே வைத்தது அவருடைய ரசிகர்களும் பார்க்கட்டும் என்பதற்காகத்தான், மழை தற்செயலாக வந்தது என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. இரண்டாவது கதையை நம்புகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மழை வந்ததும் எல்லோரும் உள்ளே போயிருக்கலாமே? போக முடியாததுதானே விஷயம்! கொடுத்தவர் நல்லவரா, கெட்டவரா என்பதே இங்கே கேள்வி இல்லை. அங்கே இருந்த ஒவ்வொருவரும் பாப்வாவிடம் அன்பாகவே இருந்தாலும், சட்டப்படி அவர் நனையத்தான் வேண்டும்.

படம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. 'எங்கள் ஊரில் அவரவருக்கு அவரவர் இடம், பிரச்னை ஒன்றும் இல்லை' என்று உலகத்திடம் சொல்லிக்கொண்டிருந்த ஓர் அரசுக்கு, இதைவிட மோசமான விளம்பரம் இருக்க முடியாது. நிறவெறிச் சட்டங்களை விளக்க அதுவரை பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. இந்தப் படத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஜெயித்தவர் ஏன் மழையில் நிற்கிறார் என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும். தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து ஒதுக்க வேண்டும் என்ற குரல் அப்போதுதான் பலமாகிக்கொண்டிருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுபடி ஒலிம்பிக்கில் கால் வைக்க 1992 பார்சிலோனா வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எல்லாம் ஒரு போட்டோவால் என்று சொன்னால் அது மிகை. ஆனால், அந்தப் போராட்டம் கையில் வைத்திருந்த சாட்சிகளில் மறக்க முடியாத ஒன்று இது.

அதே 1963-ல் சவுத் ஆப்ரிக்கன் ஓபனிலும் ஆடினார் பாப்வா. ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ரெடீஃப் வால்ட்மனிடம் தோற்று, இரண்டாம் இடம். அந்த ஒரு ஸ்ட்ரோக் இந்தப் பக்கம் விழுந்திருந்தால், தேசியப் பட்டமே அவர் கைக்கு வந்திருக்கும். அப்போது எங்கே நிற்கவைத்துக் கொடுத்திருப்பார்களோ!

1965. மறுபடியும் நேட்டால் ஓபன். இந்த முறை பாப்வா முந்தியது சாதாரண ஆளை இல்லை, கேரி பிளேயரை. அப்போதே பிரிட்டிஷ் ஓபன், மாஸ்டர்ஸ், பி.ஜி.ஏ என மூன்று மேஜர் போட்டிகளை ஜெயித்திருந்தவர் பிளேயர். அதே ஆண்டு ஜூனில் யு.எஸ் ஓபனையும் வென்று, நான்கு மேஜர்களையும் தொட்ட மிகச் சிலரில் ஒருவரானார். அப்படிப்பட்டவரை, தலைகீழ் பிடியுடன் ஒரு முன்னாள் கேடி சொந்த ஊரில் தோற்கடித்தார்.

இந்த இடத்தில் ஒரு சினிமா முடிந்திருக்கும். வாழ்க்கை முடியவில்லை. 1965 பிப்ரவரியில் அரசு ஒரு பிரகடனம் வெளியிட்டது. விளையாட்டு, பொழுதுபோக்கு என எங்கேயும் வெவ்வேறு இனத்தவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கூடக் கூடாது, பார்வையாளர்களாகக்கூட. அதுவரை இருந்த சந்து பொந்துகளை எல்லாம் அது அடைத்துவிட்டது. அதன்பின் வெள்ளையர் ஆடும் போட்டிகளில் பாப்வாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. பாஸ்போர்ட்டும் பறிபோனது. அதாவது உள்ளூரிலும் ஆட முடியாது, வெளிநாட்டுக்கும் போக முடியாது. மூன்று முறை டச்சு ஓபன் சாம்பியன், ஒரு ஆட்டக்காரரின் மிகச் சிறந்த வயதில் முடக்கப்பட்டார்.

இதுல கேரி பிளேயரோட கணக்கையும் சொல்லிடணும். 1966-ல் வெளியான தன் புத்தகத்தில் நிறவெறிக் கொள்கைக்கு ஆதரவாக எழுதினார் பிளேயர். பின்னாளில் அந்தக் கருத்திலிருந்து விலகி, அது தவறு என்று ஒப்புக்கொண்டார். 1971-ல் அமெரிக்கக் கறுப்பின வீரர் லீ எல்டரை அழைத்து, தென்னாப்பிரிக்காவிலேயே ஆடவைத்தார். நல்ல விஷயம்தான். ஆனால், யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் திறந்த கதவு, அதே நாட்டில் பிறந்து பிளேயரையே ஜெயித்த ஒருவருக்கு மூடிக் கிடந்தது.

1978-ல் டர்பனில் பாப்வா இறந்தார். மாரடைப்பு. ஐம்பது வயதுகூட நிறையவில்லை. கையில் காசும் இல்லை.

நிறவெறி ஆட்சி முடிந்து 1994-ல் புதிய அரசு வந்தபிறகு அவர் பெயர் மெள்ள வெளியே வந்தது. கிறிஸ்டோபர் நிக்கல்சன் என்ற நீதிபதி அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதன்பின் எழுத்தாளர் மேக்ஸின் கேஸும் ஒரு புத்தகம் எழுதினார். டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையை ஒட்டி, இந்தியர்கள் நிறைய வசிக்கும் ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெயர், பாப்வா சேவ்கோலம் கோல்ஃப் கோர்ஸ்.

அந்த போட்டோவை இணையத்தில் தேடினால் சுலபமாகக் கிடைக்கும். பார்க்கும்போது கோப்பையை மட்டும் பார்க்காதீர்கள். அதைப் பிடித்திருக்கும் கைகளையும் பாருங்கள். கோல்ஃப் மட்டையில் எது மேலே, எது கீழே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராத கைகள் அவை.